சாயப்பட்டறையில் உப்பையும் தண்ணீரையும் குறைப்பது எப்படி

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைத் திருத்தியது எது என்று கேட்டால், 2011 ஜனவரியில் வந்த சென்னை உயர்நீதிமன்ற உத்தரவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றுக்குப் போவதை நிறுத்தும்வரை நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு. பைப்பை அடைத்தது அதுதான். ஆனால் சாயம் துணியில் ஏறுவதற்காக மெஷினில் போடும் உப்பைக் குறைக்க வைப்பது மாதாமாதம் வரும் எவாப்பரேட்டர் செலவு. ஆர்.ஓ. (கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டும் இயந்திரம்) ஒதுக்கும் உப்புநீரை எவாப்பரேட்டரில் வற்றக் காய்ச்சுவதுதான் சுத்திகரிப்பிலேயே பணத்தை விழுங்கும் கட்டம். அதனால் சிக்கனத்தைச் சாய மெஷினிலிருந்தே ஆரம்பியுங்கள்.

முதலில் ஒரு வாரம் லாட் (ஒரு தடவை மெஷினில் ஏற்றும் துணி) வாரியாகத் தண்ணீரை மீட்டரிலும் உப்பைத் தராசிலும் பார்த்து எழுதுங்கள். "சுமாரா இவ்வளவுதாங்க" என்பது கணக்கில் சேராது.

500 கிலோ துணி, 1:8 தண்ணீர் (கிலோவுக்கு 8 லிட்டர்) என்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினை ஒரு தடவை நிரப்ப, 4,000 லிட்டர். சாயபாத்தில் லிட்டருக்கு 60 கிராம் வீதம் 240 கிலோ உப்பு. அதையே 1:6-க்கு இறக்கினால் 3,000 லிட்டர், 180 கிலோ. பிளீச்சிங்கிலிருந்து சாஃப்ட்னர் வரை 10 பாத் ஓடினால் மிச்சம் 10,000 லிட்டர். ஆனால் மெஷின் தாங்கும் அளவுக்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும், துணி சிக்கும், மடிப்புக்கோடு விழும். தண்ணீர் குறைந்தால் சாயம் கூடுதலாக ஏறும் என்பதால், லேப் ரெசிபியையும் 1:6-லேயே போட்டுப் பாருங்கள். இதை விட்டுவிட்டு ஷேடு அழுத்தமாக வந்தது என்று சாயக் கம்பெனியோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

பிளீச்சிங்குக்குப் பிறகு, வெளுக்கப் போட்ட பெராக்சைடைப் போக்க, இரண்டு மூன்று கழுவலுக்குப் பதில் பெராக்சைடு கில்லர் என்சைம் போடலாம். அசிட்டிக் ஆசிடால் பிஎச் 7-க்கு அருகில் கொண்டுவந்து, 40–50 டிகிரியில் 10–15 நிமிடம் ஓட்டி, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பெராக்சைடு இல்லை என்று பார்த்த பிறகே அதே தண்ணீரில் சாயம் விட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் என்சைம் செத்துவிடும். மிஞ்சிய பெராக்சைடு சாயத்தைத் தின்று ஷேடு வெளிறும்.

அடுத்து டிரெயினில் இரண்டு வழி. சாயபாத்தும் முதல் கழுவலும் உப்புநீர்த் தொட்டிக்கு; மற்றதெல்லாம் ஆர்.ஓ. பக்கம். நைட் ஷிப்டில் வால்வைத் திருப்ப மறந்துவிடுவார்கள். கழுவல்நீர்த் தொட்டியில் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) திடீரென ஏறினால் சந்தேகமே வேண்டாம், அதுதான்.

மீட்ட உப்புநீரை நேராகச் சாயத்துக்கு எடுக்காதீர்கள். அதில் சோடா (சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் காரம்) தங்கியிருந்தால், சாயம் பரவும் முன்பே பிடித்துத் திட்டுத்திட்டாக நிற்கும். பிஎச் மட்டும் பார்த்தால் ஏமாற்றும். டைட்ரேஷனில் (ஆசிடைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் முறை) காரத்தன்மையை அளந்து ஆசிட் விடுங்கள். கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம்) இருந்தால் துணியில் புள்ளி விழும். சாதா உப்பு, கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) இரண்டில் ஒன்றையே வையுங்கள். கலந்துவிட்டால் கிரிஸ்டலைசரில் (உப்பைப் படிகமாக்கும் இயந்திரம்) எளிதில் பிரிக்க முடியாத கலப்பு உப்பாகி, விற்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் மூட்டை மூட்டையாகக் குடோனில் அடுக்கத்தான் வேண்டும்.