சின்ன வகுப்பில் வரலாறு: எங்கே தவறுகிறோம்?

மூன்றாம், நான்காம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் என்றதும் நம்மில் பலர் கரும்பலகையில் முதலில் வருடத்தை எழுதுகிறோம். சென்னை தண்டையார்பேட்டையில் நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு 1639 என்றாலும் 1014 என்றாலும் 'ரொம்ப நாள் முன்னாடி'தான். எண்ணை மனப்பாடம் செய்யும், தூரம் தெரியாது.

அதற்குக் கயிறு நல்லது. காசிமேட்டில் வலைக்கயிறு சுலபமாகக் கிடைக்கும். உங்கள் கையால் ஒரு சாண் என்பது 10 வருடம். பிள்ளையின் வயது ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஆயாவுக்கு 6, 7 சாண். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்துக்கு 17 சாண். புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்த 1639-க்கு 38 சாணுக்கு மேல். திருவொற்றியூர் கோயிலில் கல்வெட்டு உள்ள ராஜேந்திர சோழன் காலத்துக்கு 100 சாண் வேண்டும். கயிறு வகுப்பைத் தாண்டி வராண்டாவுக்குப் போய்விடும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். வருடத்தை அப்புறம் சொல்லலாம்.

அடுத்த தவறு, 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்காமலே கதையை முடித்துவிடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் முட்டி என்பான், அவன் அக்கா இடுப்பு என்பாள். சுவரில் கறை இருந்தால் அதை அளந்து வரச் சொல்லுங்கள். கல்வெட்டு எதற்கு உதவுகிறது என்பது அதற்குப் பிறகு தானாகப் புரியும்.

பேச்சிலும் சான்று இருக்கிறது. 'அவன் சரியான எம்டன்' என்று வீட்டில் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அன்றைய பயம் ஒரு சொல்லாக நம் வாயில் தங்கிவிட்டது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு ஒன்று உண்டு. வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட்டு, 'உங்க தாத்தா என்ன வேலை செஞ்சாரு?' என்று வரிசையாக எழுப்பிக் கேட்பது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால் அந்த நிமிடம் சாதி வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிள்ளை தலை குனியும். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்களின் பேட்டை அது, அந்த உழைப்பு இல்லாமல் வியாபாரமே இல்லை என்பதைச் சொல்லுங்கள். குடும்ப விவரத்தைப் பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டால் போதும்.

பெரியவர்களை வகுப்புக்கு அழைப்பது நல்ல பழக்கம். பிள்ளைகளைத் தயார்செய்யாமல் அழைப்பதுதான் தவறு. 1996-இல் மூடிய பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். வருகிற தாத்தாவைச் சொற்பொழிவு ஆற்ற விடாதீர்கள், பாவம், அவரும் திணறுவார். முந்தின நாளே பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதி வைக்கட்டும். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், மத்தியானம் என்ன சாப்பாடு கொண்டுபோனீங்க, மில்லை மூடின அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீங்க?