3 மில்லிகிராமில் ஆரம்பிக்காதீர்கள்: சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறுபவர்கள் செய்யும் தவறுகள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வேப் (லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்) கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். வருகிறவர்களில் நம்மாட்கள் நிறைய. கிடங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள், சென்னையிலிருந்து படிக்க வந்த பையன்கள். "இன்னியோட சிகரெட் முடிஞ்சுது அண்ணா" என்று சொல்லித்தான் முதல் வேப்பை வாங்குகிறார்கள். சில வாரங்கள் கழித்து, அவர்களில் சிலர் எதிர்த்த பஸ் ஸ்டாப்பில் நின்று சிகரெட் பற்றவைப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கிறேன். மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். நான் மாறிய புதிதில் செய்த அதே குளறுபடிகளைத்தான் அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

சார்ஜ் போட மறப்பது, லிக்விடை வழிய வழிய ஊற்றுவது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ரெண்டு நாளில் தானாகப் பழகிவிடும். சிகரெட்டே பிடிக்காதவரும் 18 வயது ஆகாதவரும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வேப்பால் ஒரு லாபமும் இல்லை. சிகரெட்டைவிடக் கேடு மிகக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் புகைப்பவர்களை இதற்கு மாறச் சொல்கிறோம். கேடே இல்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிகோட்டினைக் குறைத்து வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற தவறு இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். நாளுக்கு ஒரு பாக்கெட், பல வருடப் பழக்கம். "அண்ணை, நிகோட்டின் குறைஞ்சதாப் பாத்துத் தாங்கோ. அதுதானே நெஞ்சுக்குக் கூடாது" என்றார். நான் ஒரு சின்ன பாட் கிட்டையும் (கைக்கடக்கமான சின்ன வேப்) 20 மில்லிகிராம் நிகோட்டின் சால்ட் (அமிலம் சேர்த்த நிகோட்டின்) பாட்டிலையும் எடுத்து வைத்தேன். அந்த 20, ஒரு மில்லிலிட்டர் லிக்விடில் உள்ள நிகோட்டின் அளவு. எண்ணைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவருடைய மச்சான் 3 தான் பாவிக்கிறாராம், அதுவும் பெரிய பெட்டி மிஷினில், அறை முழுக்கப் புகை மண்டுகிற மாதிரி. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நஞ்சை விற்கப் பார்க்கிறவனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேறு கடையில் அந்தப் பெரிய மிஷினே கிடைத்தது. அறுபது பவுண்டுக்கு மேல். கொஞ்ச நாள் கழித்து என் கடை வழியே போனவர் உள்ளே எட்டிப் பார்த்து, "உந்த வேப் எனக்குச் சரிவரேல்லை அண்ணை" என்றார். சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட்.

சரிவராமல் போனதற்குக் காரணம் அந்த 3.

மூளை கேட்பது நிகோட்டினை. உயிரை எடுப்பது புகையிலை எரியும்போது வருகிற தார், கார்பன் மோனாக்சைடு, அவற்றோடு வரும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். லண்டனில் புகைப் பழக்கத்தை ஆராய்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் இதை 1976-லேயே எழுதிவிட்டார். சிகரெட்டின் கேட்டைப் பற்றி 1962-ல் அறிக்கை வெளியிட்ட பிரிட்டிஷ் மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், 2016-ல் வேப் பற்றிய அறிக்கையில் இதையே விரிவாகச் சொன்னது. நிகோட்டின் அடிமைப்படுத்தும், இதயத் துடிப்பைக் கூட்டும், கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதெல்லாம் உண்மை. ஆனால் புற்றுநோய்க்குப் பயந்து நிகோட்டினைக் குறைப்பவர், தன்னைச் சிகரெட்டிலிருந்து பிடித்து வைத்திருக்கும் ஒரே கயிற்றையும் அறுத்துவிடுகிறார்.

ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேரும் நிகோட்டின் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். அது சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. வேப்பில், அதுவும் இழுக்கத் தெரியாத புதியவருக்கு, அவ்வளவு வேகமாகக் கிடைக்காது. வேகம் குறைவு, அளவும் குறைவு என்றால் உடம்பு ஒப்புக்கொள்ளாது. அப்புறம் நாள் முழுக்க மிஷின் வாயை விட்டு இறங்காது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தில் லின் டாக்கின்ஸ் குழு 6 மில்லிகிராமையும் 18 மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்தது. குறைந்த அளவு கொடுக்கப்பட்டபோது ஆட்கள் கூடுதலாக இழுத்தார்கள், லிக்விட் அதிகம் செலவானது, ஃபார்மால்டிஹைடும் கூடுதலாக உடம்பில் சேர்ந்ததற்கான அடையாளம் தெரிந்தது. குறைத்தது நிகோட்டினை, கூடியது மற்றதெல்லாம்.

அந்த 3 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நிகோட்டின் கலந்த லிக்விட் 10 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக் கூடாது. ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவும் கூடாது. அதனால் பெரிய பாட்டிலை நிகோட்டின் இல்லாமல் விற்கிறார்கள். அந்த 50 மில்லியில் 18 மில்லிகிராம் ஷாட் (நிகோட்டின் கலந்த 10 மில்லி குப்பி) ஒன்றை ஊற்றினால் 60 மில்லி, 3 மில்லிகிராம். வசதிக்காக வந்த எண் அது. பெரிய மிஷின் ஒரு இழுப்பில் தள்ளும் ஆவி மிக அதிகம்; நேராக நெஞ்சுக்குள் இழுக்கப் பழகியவருக்கு அதில் 3 போதும். சிகரெட்டை வாயில் வாங்கி அப்புறம் உள்ளே இழுத்துப் பழகியவர் அப்படி இழுத்தால் இருமலில் கண் பிதுங்கிவிடும். அதே 3-ஐ சின்ன பாட் மிஷினில் ஊற்றினால் பசித்தவனுக்கு மோர் கொடுத்த கதை. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு: 20 சால்ட்டைப் பெரிய மிஷினில் ஊற்றி ரெண்டே இழுப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படியானால் எவ்வளவு? நான் கேட்கும் முதல் கேள்வி, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. அரை மணிக்குள் என்றாலோ, நாளுக்கு ஒரு பாக்கெட்டை நெருங்கினாலோ 20 மில்லிகிராம் சால்ட். பத்து சிகரெட் அளவுக்கு 10 அல்லது 12. அதற்கும் கீழே, டீக்கு டீ மட்டும் பிடிப்பவருக்கு 6 போதலாம். சாதாரண நிகோட்டினில் 18 என்றால் தொண்டையைக் கிழிக்கும். சால்ட்டில் அமிலம் சேர்ந்திருப்பதால் அதே அளவு தொண்டையை உறுத்தாமல் இறங்கும். தலைவலியோ குமட்டலோ வந்தால் கீழே வைத்துவிட்டு, அடுத்த பாட்டிலை ஒரு படி குறைத்து வாங்குங்கள். ஏறிவிட்டதென்று உடம்பே சொல்லும். போதவில்லை என்பதை மட்டும் அது நேராகச் சொல்லாது, சிகரெட் வேண்டும் என்றுதான் சொல்லும்.

2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பீட்டர் ஹாயெக் குழுவின் ஆய்வில், இங்கிலாந்தின் புகைநிறுத்த உதவி மையங்களுக்கு வந்த 886 பேர் இருந்தார்கள். வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். நிகோட்டின் பேட்ச் (தோலில் ஒட்டுவது), கம் (மெல்லுவது) எடுத்தவர்களில் 9.9 சதவீதம். வேப் எடுத்தவர்களுக்கு முதலில் கொடுத்த பாட்டில் 18 மில்லிகிராம். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன்: வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை. நிகோட்டினைக் குறைக்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது. அதைச் சிகரெட் வாடையே மறந்து சில மாதம் போன பிறகு ஆரம்பிக்கலாம். ரெண்டையும் ஒரே நாளில் செய்யப் போனால் ரெண்டும் நடக்காது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பாட் கிட் பதினைந்து, இருபது பவுண்டுக்குக் கிடைக்கும், ஒரு சிகரெட் பாக்கெட்டின் விலை. அதுகூட வேண்டாம். 2023-ல் இங்கிலாந்து அரசு பத்து லட்சம் பேருக்கு ஆரம்ப கிட் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பல கவுன்சில்களில் புகைநிறுத்த மையம் வழியாக இலவசமாகத் தருகிறார்கள், வாரா வாரம் பேசி உதவவும் ஆள் இருக்கிறது. வேப் கடைக்காரன் இதை எழுதலாமா என்று என் முதலாளி கேட்கக்கூடும். கேட்கட்டும்.

பாட்டிலை மேசையில் விட்டுவைப்பது

20 மில்லிகிராம் லிக்விட் உள்ள 10 மில்லி பாட்டில் ஒன்றில் 200 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கிறது. ஸ்ட்ராபெரி வாசனையோடு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பூட்டி வையுங்கள்.

சிகரெட்டை இழுப்பது போல் இழுப்பது

பழக்கத்தில் வெடுக் வெடுக்கென்று இழுப்பார்கள். சிகரெட்டில் வேகமாக இழுத்தால் நெருப்பு கனலும். வேப்பில் காயில் (லிக்விடை ஆவியாக்கும் கம்பிச் சுருளும் பஞ்சும்) சூடாக நேரம் வேண்டும். வேகமாக இழுத்தால் லிக்விட்தான் வாய்க்கு வரும். மூன்று நான்கு நொடி மெதுவாக இழுங்கள். முதல் வாரம் எப்படி இழுத்தாலும் கொஞ்சம் இருமல் வரும், தொண்டை வறளும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

புதுக் காயிலை ஊற விடாமல் அழுத்துவது

லிக்விட் ஊற்றியபின் பத்து நிமிடம் பொறுங்கள். பஞ்சு கருகினால் அந்தக் காயில் குப்பைக்குத்தான்.

பகலெல்லாம் வேப், டீக்கு மட்டும் சிகரெட்

முதல் ஒன்றிரண்டு வாரம் ரெண்டும் கலந்து ஓடினால் நான் எதுவும் சொல்வதில்லை. அதுவே வருடக்கணக்கில் நீண்டால்தான் தொல்லை. "இருபதை ரெண்டாக் குறைச்சுட்டேன், பத்தில் ஒரு பங்குதானே" என்று ஒருவர் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். இதயம் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்து, இருபது பிடிப்பவருக்குக் கூடுவதில் பாதியளவு. கடைசியாக மிஞ்சும் அந்த ஒன்றிரண்டு சிகரெட்டுக்குத்தான் விலை அதிகம்.

எந்தச் சிகரெட் விட மாட்டேன் என்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டீ இடைவேளை அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நிகோட்டின் உள்ள பாட் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். கிடங்கு வாசலில் நண்பர்கள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்ச நாள் போகாமல் இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புகையிலைச் சுவையைப் பிடித்துத் தொங்குவது

சிகரெட் மாதிரியே இருக்கும் என்று வாங்குவார்கள். இருக்காது. எரியாத எதுவும் எரிந்தது போல் இருக்காது. மென்தாலோ மாம்பழமோ முயன்று பாருங்கள். சில வாரத்தில் சிகரெட் வாடையே பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்பவர்கள் அதிகமும் இந்தப் பக்கம்தான்.

காபியைக் குறைக்காமல் விடுவது

மாறிய வாரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் என்று வந்து நிற்பார்கள். வேப்பைக் குறை சொல்வார்கள். எத்தனை காபி என்று கேட்டால் ஐந்தாறு வரும். சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரலில் காஃபினைக் கரைக்கும் நொதி ஒன்றைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் புகைப்பவருக்குக் காபி சீக்கிரம் இறங்கிவிடும். புகை நின்றதும் அந்தத் தூண்டுதலும் நின்றுவிடுகிறது; அதே காபி ரத்தத்தில் வெகு நேரம் தங்குகிறது. இது நிகோட்டினால் வருவது இல்லை, அதனால் வேப் அதை ஈடுசெய்யாது. பாதியாகக் குறையுங்கள்.

இதே நொதி சில மருந்துகளையும் கரைக்கிறது. க்ளோசபின், ஓலன்சபின், தியோஃபிலின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கும். வார்ஃபரின் எடுப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப்)

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்கத் தடை. இன்னும் கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்துத் தருகிற கடையில் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொள்வது

இந்தியாவில் 2019-ல் வந்த சட்டம் வேப்பின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுங்கத்தில் பிடிபட்டு வாதாடுகிற நிலைமை வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனம்: அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். வேப் அனுமதிக்கப்படும் நாடுகளுக்குப் போகும்போதும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பேட்டரி உள்ள சாதனம் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது.

சரி, ஊரில் இருக்கும் மூன்று வாரத்துக்கு என்ன செய்வது? கல்யாண வீடு, பழைய சிநேகிதர்கள், தெருமுனைப் பெட்டிக்கடை. மாதக்கணக்கில் சிகரெட் தொடாதவர்கள் வழுக்குவது அங்கேதான். இங்கிருந்தே நிகோட்டின் பேட்சும் கம்மும் வாங்கிக்கொண்டு போங்கள். பேட்சைக் காலையில் ஒட்டிக்கொள்வது, ஆசை திடீரென்று எழும்போது கம். கம்மை மெல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். விழுங்கினால் விக்கல்தான் வரும். உங்களுக்கு எந்த அளவு சரி என்று மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள், விமானம் ஏறும் வாரத்துக்கு முன்பே இங்கே ரெண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.