மாடியிலும் முற்றத்திலும் தனித்தேனீக்கு இடம் கொடுப்பது எப்படி?

தேனீ என்றதும் பெரிய கூட்டமும் தேனடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகில் இதுவரை கண்டறிந்த 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ராணியும் கிடையாது, வேலைக்காரத் தேனீயும் கிடையாது. தாய் ஒருத்தியே கூடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடுவாள். காவல் காக்கத் தேன் சேமிப்பு இல்லாததால் இவை யாரையும் துரத்துவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

நகரத்தில் இவற்றின் பெரிய சிக்கல் தூரம். சிறிய இனங்கள் பலவும் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். அதனால் பூவும் கூடும் அருகருகே இருக்க வேண்டும்.

படி 1: பூ

அடுக்குப் பூக்களைத் தவிர்த்து, ஒற்றை வரிசை இதழ் கொண்டவற்றை வையுங்கள். அடுக்குப் பூக்களில் பெரும்பாலும் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, தேனீக்குப் பட்டினி. சூரியகாந்தி, பயறு வகைகள், துளசி குடும்பத்துச் செடிகள் எல்லாம் நல்ல தொடக்கம். ஒரே செடியை நாலைந்தாகச் சேர்த்து வைத்தால் தேனீ அலைய வேண்டியதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கட்டும்.

தக்காளி ஒரு தொட்டியாவது வையுங்கள். அதன் மகரந்தம் மகரந்தப் பையின் நுனியில் உள்ள நுண்துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு என்று நாம் சொல்லும் மரத்துளைத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் உதிரும். கூட்டமாக வாழும் தேன் தேனீக்கு இந்த வித்தை வராது.

படி 2: வெறும் மண்

தனித்தேனீக்கு இடம் என்றதும், கூடு கட்டக் குழல்களை அடுக்கி வைத்த பெட்டி வாங்கத்தான் பலர் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் மண்தான் முதலில். தேனீ இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு போல மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன. சிமென்ட், ஓடு, பிளாஸ்டிக் விரிப்பு, கனமான மூடாக்கு என்று நாம் மூடிவைப்பது அவற்றின் வீட்டைத்தான். வெயில் படும், தண்ணீர் தேங்காத ஒரு மூலையைக் கொத்தாமல், மூடாமல் அப்படியே விடுங்கள். பென்சில் பருமனில் ஒரு துளை, சுற்றிலும் சின்னதாக மண் குவியல், உள்ளே போய்வருவது ஒரே தேனீ என்றால் குடிவந்துவிட்டது.

படி 3: குழல்

இது இலைவெட்டித் தேனீ போன்றவற்றுக்கு. மூங்கிலைக் கணுவை ஒட்டி அறுத்தால் பின்பக்கம் தானாக அடைபட்டிருக்கும். உள்விட்டம் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்திருக்கட்டும்; நீளம் 15 சென்டிமீட்டர் தேவை. தாய் பெண் முட்டைகளை உள்ளேயும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். குழல் குட்டையானால் ஆண்களே அதிகம் பிறக்கும். வாய்ப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துச் சிலும்பு எடுங்கள், இல்லாவிட்டால் சிறகு கிழியும். கண்ணாடி, பிளாஸ்டிக் குழல் வேண்டாம். உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

காலை வெயில் படும் இடத்தில், மழைச் சாரல் படாமல், காற்றில் ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறு கட்டுகள் தள்ளித் தள்ளி இருப்பது நல்லது. நெருக்கத்தில் ஒட்டுண்ணிகள் சுலபமாகப் பரவும்.

சரி, அப்புறம்?

ரோஜா இலை ஓரத்தில் கத்தரித்தது போல அரைவட்டம் விழுந்திருந்தால் மருந்தை எடுக்காதீர்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை: நீள்வட்டத் துண்டுகள் கூட்டின் அறைச் சுவருக்கும், வட்டத் துண்டுகள் மூடிக்கும் போயிருக்கின்றன. செடி தாங்கிக்கொள்ளும். பூச்சிமருந்தை, முக்கியமாகப் பூக்கும் நேரத்தில், அடியோடு நிறுத்திவிடுங்கள்.

வாசல் அடைபட்ட குழலைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். இனத்தையும் பருவத்தையும் பொறுத்து, குஞ்சுகள் வெளிவரச் சில வாரங்களும் ஆகலாம், அடுத்த ஆண்டு வரையும் ஆகலாம். முதலில் வருவது வாசல் பக்கத்து ஆண்கள். எல்லாம் வெளியேறிய பிறகு பழைய குழலை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுங்கள்.