குடும்பத்தில் மரபணு நோய் இருந்தால்: கருவைத் திருத்தலாமா என்று முடிவெடுக்கும் முறை

அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் முடித்த குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் இன்றும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையோ பிறவிக் காதுகேளாமையோ வந்துவிட்டால், அடுத்த பிள்ளைக்கு முன்னால் “கருவிலேயே மரபணுவைத் திருத்திவிடலாமாமே” என்று யாராவது ஒரு காணொளியைக் காட்டுவார்கள். அப்போது தம்பதியும், அவர்களுக்கு யோசனை சொல்லும் செவிலியர், ஆசிரியர், பங்குத்தந்தை போன்றவர்களும் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கருவியான கிறிஸ்பர் கொண்டு திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்துவது ஒன்று. அரிவாள் செல் சோகைக்கான காஸ்ஜெவி சிகிச்சை இந்த வகை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி தந்தன. இந்த மாற்றம் அந்த ஆளோடு முடிந்துவிடும். மற்றது, கருவைத் திருத்தி அதைக் கருப்பையில் வைப்பது. இந்த மாற்றம் பிள்ளையின் விந்துவிலோ முட்டையிலோ ஏறி, பேரன் பேத்திகளுக்கும் போகும். தம்பதி போடும் கையெழுத்து, இன்னும் பிறக்காத, சம்மதம் கேட்கவே முடியாத ஆட்களுக்கும் சேர்த்துப் போடும் கையெழுத்தாகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் இதை அனுமதிப்பதில்லை. ஆகவே இந்தியாவில் ஒரு மையம் இதைச் செய்து தருவதாகச் சொன்னால், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து வம்ச வரைபடம். ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறை: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. அத்தை மகன், மாமன் மகள் தம்பதியின் பிள்ளைக்கு, ஏதேனும் ஒரு மரபணுவின் இரு நகல்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16-ல் 1 வாய்ப்பு. தாய்மாமனை மணந்திருந்தால் 8-ல் 1. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டியிருந்தால் இது இன்னும் ஏறும். வரைபடம் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சின்ன வயதில் இறந்த பிள்ளைகளை யாரும் கணக்கில் சொல்வதில்லை. “காய்ச்சலில் போயிற்று” என்று முடித்துவிடுவார்கள். பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து, பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வரிசையாகக் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் இருக்கும். மறந்துபோன உறவுமுறை அங்கே துலங்கும்.

பிறகு ரத்தம். தலசீமியா சந்தேகம் என்றால் கணவன், மனைவி இருவருக்கும் முழு ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனையும் வேண்டும். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழும் எம்சிஹெச் (ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழும் இருந்து, ஹீமோகுளோபினில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர், அதாவது நோய் இல்லாமல் பழுதான ஒரு நகலை மட்டும் சுமப்பவர், என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இந்த ஏ2 அளவைக் குறைத்துக் காட்டலாம். ஆகவே இரும்புச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு குழம்பும். மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். கடைசியில் டிஎன்ஏ பரிசோதனையில் இருவரின் பிறழ்வும், அதாவது மரபணுவில் இருக்கும் பிழையும், எது என்று பெயரோடு தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் மேலே பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

இனி விஷயத்தின் நடுப்பகுதி. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவீதம், கேரியராக இருக்க 50, முற்றிலும் விடுபட 25. அதாவது நான்கில் மூன்று கருவுக்கு அந்த நோய் வராது. திருத்தும் மருந்தைச் செலுத்துவதோ கரு ஒரே செல்லாக இருக்கும்போது. அந்த நேரத்தில் எந்தக் கருவுக்கு நோய், எதற்கு இல்லை என்று பார்க்க வழியில்லை. பார்க்க ஒரு செல்லை எடுத்தால் கருவே இல்லை. எனவே நோயுள்ள ஒன்றைத் திருத்தப் போய், நோயற்ற மூன்றையும் ஆபத்தில் இறக்குகிறோம். தீங்கு செய்யாதே என்ற மருத்துவ அறம் இந்த இடத்திலேயே அடிபடுகிறது. நிதானமாகப் படம் போட்டுக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும்.

ஆபத்து என்ன என்று கேட்பார்கள். கரு இரண்டாகப் பிரிந்த பிறகும் வெட்டு நடந்தால், சில செல்கள் திருந்தி, சில திருந்தாமல், கலவையாக நிற்கும். ஐந்தாம் நாளில் சோதனைக்கு எடுக்கும் ஐந்து முதல் பத்து செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகும் வெளியடுக்கிலிருந்து வருபவை; உள்ளே பிள்ளையாகப் போகும் செல்களின் நிலையை அவை உறுதியாகச் சொல்லாது. வேறு இடத்தில் வெட்டு விழலாம். 2020-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் பார்வையிழப்பு தரும் ஒரு மரபணுவைக் கருவில் திருத்தப் பார்த்தபோது, சில செல்கள் அந்தக் குரோமோசோமையே இழந்திருந்தன.

ஹெச்ஐவி தொற்றாதிருக்கக் கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிறக்க வைத்ததாக 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் அறிவித்த இரட்டைக் குழந்தைகளை ஒவ்வொரு ஆலோசனையிலும் எடுத்துச் சொல்லுங்கள். தந்தைக்குத்தான் ஹெச்ஐவி, விந்துவைக் கழுவிப் பயன்படுத்தினாலே தொற்றைத் தடுக்க முடியும், அங்கே அதுவும் செய்யப்பட்டது. ஆக, பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தம் தேவையே இல்லை. அவர் திருத்திய சிசிஆர்5 மரபணுவில் சிலருக்கு இயற்கையாகவே காணப்படும், ஹெச்ஐவியைத் தடுக்கும் மாற்றமும் அவர்களுக்கு அமையவில்லை. ஒப்புதல் படிவத்தில் அதற்கு ‘எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம்’ என்று பெயர். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. படிவத்தின் தலைப்பும் உண்மையில் செய்யப்போவதும் ஒன்றுதானா என்று பார்க்கும் பழக்கம் எல்லா மருத்துவமனையிலும் உதவும்.

தம்பதிக்குக் கையில் இருக்கும் வழிகள்: கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை, அல்லது 16-வது வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீர்ப் பரிசோதனை. இரண்டும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்படி பதிவு பெற்ற மையத்தில், எழுத்து ஒப்புதலோடு மட்டும். ஆணா பெண்ணா என்று கேட்கவோ சொல்லவோ கூடாது. தாயின் செல் மாதிரியில் கலந்தால் முடிவு பொய்க்கும். அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கருக்கலைப்பு வேண்டாம் என்பவர்களுக்கு, உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் ஐவிஎஃப் முறையில் கருக்களைச் சோதித்து நோயற்றதை வைப்பது உண்டு. செலவு அதிகம், ஒரு நகல் பதிவாகாமல் தவறும் வாய்ப்பும் உண்டு, அதனால் கர்ப்பத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஐவிஎஃப் முறையையே ஏற்பதில்லை. குமரியில் பல வீடுகளில் முடிவு இங்கேதான் முட்டும். பாதி வழியில் தெரிவதைவிட முதலிலேயே மனம் திறந்து பேசுவது நல்லது.

திருத்தம் மட்டுமே வழி என்று வாதாடக்கூடிய நிலை மிக அரிது: ஒரே மரபணுவால் நோய் வந்த இருவர் மணந்துகொள்வது. காதுகேளாத இருவர் மணக்கும்போது இது எழும். 2019-ல் ரஷ்ய விஞ்ஞானி டெனிஸ் ரெப்ரிகோவ், பழுதானால் பிறவிக் காதுகேளாமை தரும் ஜிஜேபி2 மரபணுவைத் திருத்த அப்படிப்பட்ட தம்பதிகளைத்தான் அணுகினார். இங்கே அவசரமே வேண்டாம். இருவருக்கும் அந்த மரபணுதானா என்று முதலில் பாருங்கள். காரணம் வேறு வேறாக இருந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கும் திறனோடே பிறக்கும். ஒரே காரணம் என்றாலும் இது உயிர்கொல்லி நோயல்ல. பிறந்தவுடன் செவித்திறன் பரிசோதனை, தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதில் பொருத்தும் செவிக்கருவி), வீட்டில் சைகைமொழி என்று வழி இருக்கிறது. இந்த ஆலோசனைக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் கட்டாயம். கூட வந்த மாமா பதில் சொன்னால், அதைத் தம்பதியின் பதிலாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை ஊர்களிலிருந்து இன்னொரு கேள்வி வரும்: மோனசைட் மணலில் இருக்கும் தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம்; அதனால் வருமோ என்று பயப்படும் புற்றுநோயைக் கருவிலேயே திருத்தித் தடுக்க முடியாதா? முடியாது. திருத்த வேண்டுமானால் இன்ன மரபணுவில் இன்ன பிறழ்வு என்று தெரிந்திருக்க வேண்டும். புற்றுநோய் பயத்துக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. அங்கே தேவைப்படுவது முறையான பரிசோதனையும் தொடர் சிகிச்சையும்.

ஆலோசனையை ஒரே நாளில் முடிக்காதீர்கள். முதல் நாள் கணக்கும் வழிகளும். இடையே ஒரு வாரமாவது விட்டு, இரண்டாம் நாள் மனைவியிடம் தனியாக, பிறகு இருவரிடமும் சேர்த்து. மாமியார் முன்னால் “சரி” என்ற பெண், தனியே வேறு சொல்லலாம். பழியும் பெரும்பாலும் அவள் மேல்தான் விழும். மறைநிலை நோய் என்றால் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு நகல் வந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பரிசோதனைத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கணவன், மனைவி இருவரின் உடன்பிறந்தோரையும் தங்கள் கல்யாணப் பேச்சுக்கு முன் அதே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.