பாஷ்ஆர்சில போட்ட வேரியபிளை ஐகான்ல திறக்கிற ஆப்புக்கும் கொண்டு போறது எப்படி

டெர்மினல்ல எக்கோ பண்ணா ஜாவா_ஹோம் (ஜாவா எங்க இருக்குன்னு சொல்ற வேரியபிள்) சரியா வருது, அங்கருந்தே எடிட்டரை ஓட்டினா பில்டும் ஆகுது, ஆனா மெனுல ஐகானை க்ளிக் பண்ணி திறந்தா மட்டும் ஜாவாவே இல்லங்குது. லினக்ஸ்ல நிறைய பேர் முட்டி நிக்கிற இடம் இது. ஆப்பை தூக்கிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்லங்க.

ஓடிட்டு இருக்கிற ஒரு ப்ரோக்ராமுக்கு, அதாவது ப்ராசஸுக்கு, என்விரான்மென்ட் (அதுக்கு கிடைக்கிற வேரியபிள் எல்லாம்) அதை ஸ்டார்ட் பண்ண ப்ராசஸ்கிட்டருந்துதான் வருது. பாஷ்ங்கிற ஷெல்லோட செட்டிங்ஸ் ஃபைலான .பாஷ்ஆர்சியை படிக்கிறது நீங்க டைப் பண்ண திறக்கிற பாஷ் மட்டும்தான், ஐகானை க்ளிக் பண்ணா ஆப்பை கிளப்புறது டெஸ்க்டாப் செஷன், அது நீங்க லாகின் பண்ணப்பவே ஓட ஆரம்பிச்சாச்சு, அப்புறம் டெர்மினல்ல எத்தனை எக்ஸ்போர்ட் போட்டாலும் அதுக்கு தெரியவே தெரியாது. அதனால வேரியபிளை செஷன் ஆரம்பிக்கிற இடத்துலயே வைக்கணும்.

க்னோம், இப்ப வர்ற கேடிஇ ப்ளாஸ்மா ரெண்டு டெஸ்க்டாப்பும் சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களை கிளப்பி பாத்துக்கிற ப்ரோக்ராம்) வழியா கிளம்புறதால என் ஓட்டு அது வேரியபிளை படிக்கிற ஃபோல்டரான என்விரான்மென்ட்.டிக்குத்தான். உங்க ஹோம்ல .கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள அந்த பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ள .கான்ஃப்னு முடியிற ஃபைல் ஒண்ணு வைங்க. வரிக்கு ஒரு வேரியபிள்: பேரு, சமக்குறி, மதிப்பு, அவ்ளோதான். முன்னாடி எக்ஸ்போர்ட் போடாதீங்க, சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடாதீங்க. டாலர் போட்டு ஹோம், பாத் (கமாண்டை தேடுற ஃபோல்டர்களோட லிஸ்ட்) மாதிரி ஏற்கனவே இருக்கிற வேரியபிளை உள்ள எடுத்துக்கலாம், ஆனா இது ஷெல் இல்ல, கமாண்டை ஓட்டி அதோட அவுட்புட்டை வாங்குறதெல்லாம் இங்க நடக்காது. முக்கியமா, பாத்ல சேர்க்கும்போது பழைய பாத்தையும் கூடவே எழுதுங்க, இல்லன்னா கமாண்ட் எதுவுமே கிடைக்காம போயிடும்.

அப்புறம் லாகவுட் பண்ணி உள்ள வாங்க. எஸ்எஸ்எச் (வேற மெஷின்லருந்து பண்ற லாகின்) மாதிரி வேற செஷன் திறந்திருந்தா பழைய யூசர் மேனேஜரே (உங்க பேர்ல ஓடுற சிஸ்டம்டி) ஓடிட்டு இருக்கும், ரீபூட்டே பண்ணிடுங்க. சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட் அடிச்சா புது மதிப்பு வரணும். ஆப்புக்கு நிஜமாவே போச்சான்னு பாக்க பிஜிரெப் கமாண்ட்ல அதோட பிஐடி (ப்ராசஸ் நம்பர்) எடுத்து, /ப்ராக் கீழ அந்த நம்பர்ல இருக்கிற என்விரான் ஃபைலை படிங்க. எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், டிஆர் கமாண்ட்ல நல் கேரக்டரை நியூலைனா மாத்தினா தெளிவா தெரியும்.

ஐ3, ஸ்வே மாதிரி விண்டோ மேனேஜர் ஏதாவது டிடிஒய்லருந்து (வெறும் டெக்ஸ்ட் லாகின் ஸ்க்ரீன்) கிளப்புறீங்கன்னா .ப்ரொஃபைல்ல எக்ஸ்போர்ட் போட்டாலே போதும். ஆனா .பாஷ்_ப்ரொஃபைல்னு ஒரு ஃபைல் இருந்தா பாஷ் அதை மட்டும் படிச்சுட்டு .ப்ரொஃபைலை தொடவே தொடாது, இதை கண்டிப்பா செக் பண்ணுங்க.

ஒரே ஒரு ஆப்புக்குத்தான் வேணும்னா அதோட .டெஸ்க்டாப் ஃபைலை (மெனு ஐகானுக்கு பின்னாடி இருக்கிற ஃபைல்) ஹோம்ல .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸுக்கு காப்பி பண்ணி, எக்ஸெக் வரில கமாண்டுக்கு முன்னாடி என்வ்னு போட்டு வேரியபிளை எழுதிடுங்க. ஏபிஐ கீ, பாஸ்வேர்ட் எல்லாம் தயவுசெஞ்சு செஷன் முழுக்க போடாதீங்க, நீங்க திறக்கிற ஒவ்வொரு ஆப்போட கைக்கும் அது போயிடும்.