தறிச்சத்தத்துக்கு நடுவே ஆன்லைன் மீட்டிங்: மைக்கையும் கேமராவையும் சரிபார்க்கும் முறை

சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் குடியிருப்பவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. பழகிப்போன காது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தறியின் தடதடப்பையும் நம் பேச்சையும் சேர்த்து அள்ளிக்கொண்டுபோய் எதிரில் இருப்பவர் காதில் கொட்டிவிடும். இளம்பிள்ளையில் உட்கார்ந்து வெளியூர் வியாபாரிக்குச் சேலை காட்டுபவர், ஏற்காட்டிலிருந்து நேர்காணலில் கலந்துகொள்ளும் பெண், டியூஷன் எடுக்கும் ஆசிரியர் என யாராக இருந்தாலும், மீட்டிங்குக்கு அரைமணி நேரம் முன்பு இந்த வரிசையில் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒலி, பிறகுதான் படம். முகம் தெரியாவிட்டாலும் பேச்சு நடக்கும். குரல் கேட்காவிட்டால் நடக்காது. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்றே தெரியாது. அடுத்த முறையும் முதலிலிருந்து தேட வேண்டும்.

1. உங்களுக்குக் கேட்கிறதா?

யூடியூபில் ஒரு பாட்டைப் போடுங்கள். கேட்காவிட்டால், விண்டோஸ் லேப்டாப்பில் கீழே வலது ஓரத்திலுள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். அலமாரியில் கிடக்கும் ப்ளூடூத் ஹெட்செட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

2. உங்கள் குரல் போகிறதா?

செட்டிங்ஸைத் திறந்து சிஸ்டம், அதற்குள் சவுண்ட், அதில் இன்புட் பகுதிக்குப் போங்கள். நீங்கள் பேசப் பேச அங்கே ஒரு கோடு ஏறி இறங்க வேண்டும். இந்தக் கோடு ஒன்றே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

கோடு ஆடவில்லையா? ஹெட்செட்டில் மியூட் பொத்தான் அழுந்தியிருக்கிறதா, வேறு மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு ஆடுகிறது, ஆனால் மீட்டிங்கில் கேட்கவில்லையா? மைக்கில் குறையில்லை. செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் மைக்ரோபோன் அனுமதியைப் பாருங்கள். கூகுள் மீட் போல பிரவுசரில் பேசுவதென்றால், முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைத் தட்டி அங்கும் அனுமதி கொடுங்கள். மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஜூம் தளத்தில் டெஸ்ட் மீட்டிங் வசதி உண்டு. நம் குரலைப் பதிந்து நமக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். கைபேசியில் ஜூம் பயன்படுத்தினால், உள்ளே நுழைந்ததும் ஆடியோவில் இணைய அனுமதி கேட்கும். அதைத் தட்டாமல் விட்டால் கேட்கவும் கேட்காது, பேசவும் முடியாது.

கைபேசியின் இயர்போனைப் பழைய கம்ப்யூட்டரில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. அந்த 3.5 மி.மீ. பின்னில் கறுப்பு வளையம் மூன்று இருக்கும். கம்ப்யூட்டரிலோ ஒலிக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை என்று தனித்தனி. இரண்டாகப் பிரித்துத் தரும் சின்ன கேபிள் வாங்கினால் சரியாகிவிடும்.

ப்ளூடூத் இயர்பட்ஸில் மைக் ஓடத் தொடங்கியதும் கேட்கும் ஒலி மட்டமாகிவிடுவது உண்டு. கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கேட்பதும் பேசுவதும் ஒரே இணைப்பில் போகும்போது தரம் இறங்குகிறது. கேட்பதற்கு இயர்பட்ஸ், பேசுவதற்கு லேப்டாப் மைக் என்று பிரித்துவிட்டால் ஒலி தேறும். முக்கியமான நேர்காணல் என்றால் வயர் உள்ள இயர்போன்தான் என் தேர்வு.

3. எதிரொலி யாருடையது?

மற்றவர்களுக்கு அவரவர் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம்: உங்கள் ஸ்பீக்கரில் வருவதை உங்கள் மைக் பிடிக்கிறது. இயர்போன் மாட்டினால் நின்றுவிடும். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வந்தால், கோளாறு எதிர்ப்பக்கம். ஒரே அறையில் லேப்டாப், கைபேசி இரண்டிலும் இணைந்தால் ஊளைச்சத்தம் வரும். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையுமே அடைத்துவிடுங்கள்.

4. தறிச்சத்தம்

மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவதுதான் முதல் மருந்து. தூரம் பாதியானால் உங்கள் குரல் ஏறக்குறைய நான்கு மடங்கு வலிமையோடு மைக்கைச் சேரும். தறிச்சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். மூச்சுக்காற்று மோதாமல் இருக்க, உதட்டுக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். சட்டையிலோ துப்பட்டாவிலோ உரச விடாதீர்கள். தறிப்பட்டறைப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, மெத்தையோ சேலைக்கட்டுகளோ அடுக்கிய அறையில் உட்காருங்கள். துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

பிறகுதான் ஆப்பின் இரைச்சல் குறைக்கும் வசதி. ஜூமில் அதன் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். மிக அதிகமாக வைத்தால் சொற்களின் ஓரத்தையும் சேர்த்து வெட்டும். நடுத்தரத்தில் வைத்துப் பதிந்து கேட்டுப் பாருங்கள்.

5. படம்

கேமரா கறுப்பாகத் தெரிந்தால் முதலில் மூடியைப் பாருங்கள், பிறகு அனுமதி, பிறகு வேறு ஆப் ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று. லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரவேண்டும். ஏற்காட்டில் பனி மூடிய நாளில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், பின்னால் வெள்ளைத் திரை, முன்னால் கறுப்பு உருவம்தான் தெரியும். திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். அதே பனிவெளிச்சம் முகத்தில் அழகாகப் பரவும்.

சேலை காட்டுபவர்கள் பின்னணிப் படத்தை அணைத்துவிடுங்கள். தூக்கிப் பிடிக்கும் முந்தானையைப் பின்னணி என்று நினைத்து ஆப் விழுங்கிவிடும். மஞ்சள் பல்பில் நிறம் மாறித் தெரியும். பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள்.

6. கரண்டும் நெட்டும்

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், வைஃபை ரூட்டர் அணைந்துவிடும். பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே பாருங்கள். ரூட்டருக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது, அதன் வோல்ட்டும் ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடையில் சேர்வராயன் மலையில் இடி இறங்கும் நேரத்தில் சார்ஜர், ரூட்டர் இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, பேட்டரியிலும் கைபேசி டேட்டாவிலும் பேசுங்கள்.

தடித்த கற்சுவர் உள்ள வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கே தடுமாறும், 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். நெட் திணறினால் உடனே வீடியோவை அணையுங்கள். ஜூம் சொல்லும் கணக்குப்படி குரலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். இருவர் மட்டும் பேசும் மீட்டிங்கில் 720பி (எச்.டி. தர) படத்துக்கு 1.2 மெகாபிட் வேண்டும். மீட்டிங் லிங்கை முன்கூட்டியே கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். நடத்துபவரின் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.