பாறை ஏறுகிறவர்களுக்கு: கூடாரத்தை எங்கே போடுவது?

சிங்கப்பூரில் இயற்கைப் பாறையில் ஏற வேண்டுமென்றால் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவின் பழைய கல்குவாரிதான். கருங்கல் சுவர். ஆனால் அங்கே இரவு தங்க முடியாது. பூங்கா காலை 7 முதல் மாலை 7 வரைதான். கூடாரத்தைச் சுமந்துகொண்டு போனால் சுமந்தபடியே திரும்ப வேண்டும்!

தங்க ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அல்லது பாசிர் ரிஸ் பூங்கா. இரண்டிலும் குறிக்கப்பட்ட முகாம் பகுதிகளில் மட்டுமே அனுமதி. என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) தரும் அனுமதிச் சீட்டு இலவசம், ஆனால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். செலவு இல்லாத இடம் என்பதால் தரம் மட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கழிப்பறை உண்டு, ஈஸ்ட் கோஸ்டில் பசித்தால் லகூன் உணவு நிலையத்தில் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) கிடைக்கும். குறை என்றால் சத்தம்தான்: வார இறுதியில் பக்கத்துக் கூடாரத்துப் பாட்டு, தலைக்கு மேல் விமானம். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, ஏறும் காலணியைக் கடற்கரையில் போடவே போடாதீர்கள். ஒரு முறை பைக்குள் புகுந்த மணலை மறுநாள் பாறையில் நின்றுகொண்டு தட்டினேன். அடிப்பகுதியில் ஒட்டிய மணலோடு கருங்கல்லில் கால் வைத்தால் வழுக்கும். காலணியை மூடிய பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

ஈஸ்ட் கோஸ்டில் தங்கினால், காலையில் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஏறி ஸ்டீவன்ஸில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் ஹில்வியூ நிலையம். அங்கிருந்து கல்குவாரிக்கு நடை. சீக்கிரம் கிளம்புங்கள், மதியத்தில் இடிமழை வந்தால் கல் காய நேரமாகும்.